தீபாவளி இரவு வீட்டில் 15 பேருக்கு விருந்து: மெனுவில் எதை வெட்டலாம்?

கேள்வி: தீபாவளி அன்று இரவு 15 பேர் சாப்பிட வருகிறார்கள். சென்னையில் சின்ன ஃபிளாட், இரண்டு பர்னர் அடுப்பு. மட்டன் பிரியாணி, தோசை, பூரி, வெஜ் குருமா, பாயசம் என்று யோசித்திருக்கிறேன். வந்தவர்களோடு உட்கார்ந்து நானும் நாலு வார்த்தை பேச வேண்டும். முடியுமா?

பதில்: முடியும், ஆனால் தோசையையும் பூரியையும் இப்போதே அடித்துவிடுங்கள். ஆளுக்கு மூன்று தோசை என்றாலே 45 தோசை, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் நீங்கள் கல்லோடு நிற்பீர்கள், ஹாலில் எல்லோரும் சிரிக்கும் சத்தம் மட்டும் உங்களுக்குக் கேட்கும். பூரியும் அப்படித்தான். ஒரு பதார்த்தத்துக்குக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும் என்றால் அது எவ்வளவு ருசியாக இருந்தாலும் இந்த விருந்துக்கு ஆகாது. பதிலுக்கு இடியாப்பம் வையுங்கள். சாயங்காலமே அவித்து ஹாட் பேக்கில் போட்டுவிடலாம், குருமாவுக்கும் பொருத்தம்.

அப்புறம், கறி வாங்குவதற்கு முன்னால் வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தீபாவளி அன்றே அமாவாசையும் சேர்ந்து வந்தால் அன்று கறி தொடாத வீடுகள் நிறைய உண்டு, கேதார கௌரி விரதம் இருப்பவர்களும் இருப்பார்கள். பாதிப் பேர் சைவம் என்று தெரிந்தால் குருமாவைக் கூட்டி, கறியைக் குறைத்துக்கொள்ளலாம். சைவத்துக்குத் தனிக் கரண்டி போட மறக்காதீர்கள்.

இனி பிரியாணி. எல்லோரும் கறி சாப்பிடுகிறவர்கள் என்றால், இடியாப்பமும் இருப்பதால் ஒன்றரை கிலோ சீரகச் சம்பாவும் இரண்டு கிலோ மட்டனும் போதும். காலையிலேயே மசாலாவோடு கறியை வேகவைத்து, அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் அதை நன்றாகக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் ஊறிய அரிசியைப் போட்டால் மீதி வேலை தம் மட்டும்தான். தண்ணீர் ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை கப், ஆனால் கறியில் இருக்கும் குழம்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், பலருக்குக் குழைவது இங்கேதான். ஒரே பெரிய தேக்சாவில் திணிக்காமல் இரண்டு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டால் அடி பிடிக்கும் பயம் குறையும்.

நேரத்தைப் பட்டாசே முடிவு செய்துவிடும். தமிழ்நாட்டில் 2018-இல் இருந்து சாயங்காலம் 7 முதல் 8 மணி வரைதான் வெடிக்க அனுமதி கொடுத்துவருகிறார்கள், அந்த ஒரு மணி நேரம் குழந்தைகளும் பாதிப் பெரியவர்களும் கீழேதான் இருப்பார்கள். நீங்கள் 7 மணிக்குத் தம் போட்டுவிட்டு, அது ஆனதும் அடுப்பை அணைத்து மூடியைத் திறக்காமல் வைத்துவிட்டால், 8.15-க்கு இலை போடலாம். மருந்துக் கையோடு யாரும் உட்காராதபடி வாஷ்பேசினில் சோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தயிர்ப் பச்சடிக்கு உப்பைப் பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள், இல்லாவிட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுவிடும். பாயசம் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் இருந்து லட்டும் அதிரசமுமாகத் தின்றுகொண்டே இருக்கும் வயிற்றுக்கு தீபாவளி லேகியமோ சுக்குக் காப்பியோதான் இதம். வைத்தே தீருவேன் என்றால் சேமியா நேரம் ஆக ஆகப் பாலைக் குடித்து இறுகிவிடும், அரை லிட்டர் பாலைக் காய்ச்சித் தனியே வைத்திருங்கள்.

மிஞ்சிய பிரியாணியைப் பேச்சு சுவாரஸ்யத்தில் விடிய விடிய வெளியே விடாதீர்கள். வெந்த சோற்றிலும் சில பாக்டீரியாக்களின் வித்துக்கள் சாகாமல் இருக்கும், அவை பெருகி உண்டாக்கும் நச்சு மறுநாள் சூடுபண்ணினாலும் போகாது. கிளம்புகிறவர்கள் கையில் கொஞ்சம் கட்டிக் கொடுத்துவிட்டு மீதியை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.