விடுகிற கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்குப் பதினேழு வயது. பாய்மரப் பயிற்சிக் கப்பலில் பத்து நாள் போய் வந்தாள். கடைசி நாள் கப்பலைப் பிள்ளைகள் கையிலேயே ஒப்படைத்துவிடுவார்களாம். கேப்டனாக வேறொரு பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இவள் ஒரு கயிற்றோடு நின்றிருக்கிறாள். அதையும் இழுக்கக்கூட இல்லை, விட்டுக்கொண்டிருந்தாளாம். தலைமைப் பண்பு வளரும் என்று நம்பித்தான் அனுப்பினேன். பிள்ளைகளைப் பாய்மரத்தில் ஏறவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பயிற்சியால் பயன் உண்டா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

மரமேறுவதை முதலில் முடித்துவிடுகிறேன். பாதுகாப்பு வார் மாட்டி, காற்று வருகிற பக்கமாகத்தான் ஏறச் சொல்வார்கள். காற்றே ஆளைக் கயிற்றேணியோடு சேர்த்து அழுத்தும். கை பிடிக்க வேண்டியது செங்குத்துக் கயிறுகளை. கால் வைக்கும் குறுக்குக் கயிறு அறுந்தாலும் பிடி போகாது. நல்ல கப்பல்களில் ஏறும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கேப்டன் தேர்வையும் விட்டுத்தள்ளுங்கள். ஒருநாள் கேப்டனுக்குப் பின்னால் உண்மைக் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

‘இழுக்கக்கூட இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் ‘கூட’வுக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே மனதில் உருண்டுகொண்டிருந்த விஷயம் இது.

பாய்மரத்துக்குக் குறுக்கே நின்று பாய்களைத் தாங்கும் மரத்தைப் பருமல் என்போம். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கயிறு தளத்துக்கு இறங்கும். பருமலைத் திருப்ப ஒரு பக்கம் ஐந்தாறு பேர் இழுக்க வேண்டும். மறுபக்கம் ஒரே ஒருவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விட வேண்டும். இழுப்பதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். விடுவதற்குப் பத்து நாள் போதாது.

விடுபவர் முதலில் கயிற்றுச் சுருளைத் தளத்தில் புரட்டிப் போட வேண்டும், முதலில் ஓட வேண்டிய பகுதி மேலே இருக்கும்படி. இல்லாவிட்டால் பாதியில் முடிச்சு விழும். சுருளுக்குள் கால் இருக்கக்கூடாது. பிறகு கயிறு கட்டிய முளையிலிருந்து எட்டுப் போன்ற சுற்றுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் கை வைக்கக்கூடாது. பாரத்தைத் தாங்குவது அந்தச் சுற்றின் உராய்வுதான், மனிதக் கை அல்ல. அவசரத்தில் அதையும் எடுத்துவிட்டால் பருமல் ஒரே வீச்சில் சுழலும். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மல்லாக்க விழுவார்கள். பயந்து இறுக்கிப் பிடித்தாலோ, எதிர்ப்பக்கத்து ஆறு பேரும் காற்றோடு போராடுவதாக நினைத்துத் தங்கள் தோழியோடு போராடிக்கொண்டிருப்பார்கள். “இன்னும் ரெண்டு பேர் வாங்க!” என்று கத்துவார்கள். தேவை ஆள் அல்ல, அந்தப் பக்கம் ஒரு முழக் கயிறு.

இதெல்லாம் எப்போது நடக்கிறது தெரியுமா? கப்பல் காற்றைக் கடந்து திரும்பும்போது. சுக்கானைத் திருப்பி அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, காற்றுக்கு எதிரே கொண்டுவருவார்கள். காற்று ஏறக்குறைய நேரெதிரே வரும்போது நடு மரத்துப் பருமல்களைத் திருப்புவார்கள். முன் மரத்துப் பாய்களை அப்படியே விட்டுவைப்பார்கள். காற்று அவற்றை முன்னாலிருந்து அடித்து அணியத்தை மறுபக்கம் தள்ளும். அணியம் தாண்டிய பிறகுதான் முன் பருமல்களுக்கு ஆணை. ஆங்கிலக் கப்பல்களில் அந்த ஆணை ‘லெட் கோ அண்ட் ஹால்’. விடு, இழு. எது முதலில் வருகிறது என்று பாருங்கள். எங்கேயாவது ஒருவர் கயிற்றை விடாமல் தாமதித்தால் கப்பல் வேகமிழந்து காற்றுக்கெதிரே சிக்கி நிற்கலாம், பின்னோக்கியும் நகரலாம். பின்னோக்கி நகரும்போது சுக்கான் நேர்மாறாக வேலை செய்யும்.

அலுவலகப் பட்டறைகளில் தலைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இழுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது, கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை. பதினேழு வயதுப் பெண் ஆறு பேருடைய பலத்துக்குத் தன் பிடியைப் பொருத்திக்கொண்டு நிற்கிறாள். அப்பா அதை வேலை கிடைக்காததாகக் கணக்கில் எழுதுகிறார்.

1956-இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்கு நடந்த ஓட்டத்தோடு தொடங்கிய டால் ஷிப்ஸ் என்னும் பாய்மரக் கப்பல் பந்தயங்களில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கப்பலிலும் ஆட்களில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். அங்கே பெரிதாக மதிக்கப்படும் கோப்பை முதலில் கரை சேர்ந்த கப்பலுக்கல்ல, நாடுகளிடையே நட்புக்கு அதிகம் உதவிய கப்பலுக்கு. முதலிடக் கணக்கில் ஊறிய அப்பாக்களுக்கு இது புரியக் கொஞ்சம் நாளாகும்.

பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். மகளைக் கூப்பிட்டு, கயிறு விடும்போது கண் எங்கே இருந்தது என்று கேளுங்கள். ‘கையில்தான்’ என்றால் இன்னொரு முறை அனுப்புங்கள். ‘மேலே பருமலிலும், எதிரே இழுத்தவர்கள் மேலும்’ என்றால் உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்கள். கை மாற்றிக் கை மாற்றி விட்டிருந்தால் தோல் கொஞ்சம் காய்த்திருக்கும், அவ்வளவுதான். உள்ளங்கைக்குக் குறுக்கே எரிந்த கோடு இருந்தால், ஓரிடத்தில் வழுக்கவிட்டிருக்கிறாள். எந்த இடத்தில் என்று கேளுங்கள், சொல்வாள்.