இடுப்பு வலி மெஷின் வாங்கும் முன் ஒரு சோதனை

கேள்வி: வயது 38, ஐடி வேலை. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் பைக். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். டென்ஸ் மெஷின் (தோலில் பேட் ஒட்டி லேசான கரண்ட் விடுவது), பெல்ட், மசாஜர் இவற்றில் எதை வாங்கலாம்? பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெல்ட்டை விட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, வழக்கமான சிகிச்சையில் பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன், டென்ஸ் எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அப்புறம் எப்படி இத்தனை பேர் ஆன்லைனில் ஆகா ஓகோ என்று எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். இந்த வலி ஏறி இறங்கும். தாங்க முடியாத வாரத்தில்தான் ஆர்டர் போடுவோம், அடுத்த வாரம் அது தானாகவே கொஞ்சம் இறங்கும், நல்ல பேர் மெஷினுக்குப் போய்விடும். அதனால்தான் ஆராய்ச்சிகளில் ஒரு பகுதியினருக்குக் கரண்ட் வராத டம்மியை ஒட்டி ஒப்பிடுகிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு, சுர்ரென்று ஒன்றும் தெரியாவிட்டால் ஆளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இருந்தாலும் சிலருக்கு மெஷின் ஓடும் நேரத்தில் வலி மட்டுப்படுகிறது, அந்த நேரத்தில் நாலு உடற்பயிற்சி செய்ய முடிந்தால் அது லாபம்தான். ஆகவே டென்ஸை மட்டும், முடிந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் சோதியுங்கள். முதல் இரண்டு வாரம் மெஷின் இல்லாமல் தினமும் ஒரே நேரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். அடுத்த இரண்டு வாரம் மெஷினோடு, அதற்கடுத்த இரண்டு வாரம் மறுபடி இல்லாமல். மார்க்கை விட முக்கியம், பைக்கை விட்டு இறங்கும்போது நேராக நிமிர முடிகிறதா, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்பது. இந்த ஆறு வாரமும் மாத்திரை, நடை எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பேடை முதுகெலும்பின் மேலேயே ஒட்டாமல் இரு பக்கமும் ஒட்டுங்கள். சுர்ரென்ற கூச்சம் நன்றாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. நம்ம ஊர் வியர்வையில் பேடின் ஓரம் கிளம்பிவிடும், மீதி ஒட்டியிருக்கும் இடத்தில் சுருக்கென்று குத்தும். துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மசாஜர்? சுகமாக இருக்கும், அந்த அளவுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல், இதில் எது வந்தாலும் சோதனையை நிறுத்திவிட்டு அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள்.