பீட்டர்பரோ துறவியின் பேச்சுமொழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு காணொளி உரையில் கேட்டேன். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததால்தான் ஆங்கிலம் தன் பழைய இலக்கணத்தை இழந்து இன்றைய கலப்பு மொழி ஆனதாம். ஆட்சி போனால் மொழியும் போகும் என்பதற்கு அதையே உதாரணமாகச் சொன்னார் பேச்சாளர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூடப் புரியவில்லை. அவர் சொன்னது சரிதானா? இன்னொன்று, உச்சரிக்காத எழுத்துகளை ஆங்கிலத்தில் ஏன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? பள்ளியில் படிக்கும் மகள் கேட்கிறாள்.

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

பாதி சரி. சொற்களைப் பொறுத்தவரை, வடக்குப் பிரான்சிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மன்களின் பங்கு மிகப் பெரிது. நீதிமன்றம், வரி, படை, விருந்து என்று எங்கே தொட்டாலும் பிரெஞ்சுச் சொல் கையில் வரும். 1362இல், வழக்குகளை ஆங்கிலத்தில்தான் வாதிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! ஆனால் இலக்கணத்தைக் கொன்ற பழியையும் நார்மன்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

முதலில், போனது எது என்று பார்ப்போம். நீங்கள் பார்த்த பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. 'ராமன் ராவணனைக் கொன்றான்', 'ராவணனை ராமன் கொன்றான்' என்று நாம் இடம் மாற்றிச் சொல்வதுபோல அவர்களும் சொல்ல முடிந்தது. கூடவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பால் உண்டு. சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். மனைவியைக் குறித்த சொல் ஒன்றன்பால்! அதைக் கேட்டு அந்தக் காலத்து மனைவிகள் என்ன சொன்னார்களோ, பதிவு இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் பால் அடியோடு போய்விட்டது, உருபுகள் பெரும்பாலும் போய்விட்டன. யார் யாரைக் கொன்றார் என்பதைச் சொற்களின் வரிசைதான் சொல்கிறது.

இந்தத் தேய்மானம் நார்மன்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பத்தாம் நூற்றாண்டில் வடக்கே ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் லிண்டிஸ்பார்ன் சுவிசேஷப் பிரதியில் லத்தீன் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தில் பொருள் எழுதிவைத்தார். அதிலேயே விகுதிகளும் பாலும் குழம்பத் தொடங்கியிருக்கின்றன. ஒரு காரணம் மொழிக்குள்ளேயே இருந்தது. சொல்லின் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில் விழுந்ததால், கடைசி அசைகள் வாய்க்குள்ளேயே மங்கின. இன்னொரு காரணம் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள். 865இல் பெரும்படையாக வந்தவர்களில் பலர் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்து உழவர்களாகத் தங்கிவிட்டார்கள். டெர்பி, கிரிம்ஸ்பி, விட்பி என்று 'பி'யில் முடியும் பல ஊர்ப்பெயர்கள் அவர்கள் மிச்சம். அவர்கள் மொழியும் ஆங்கிலமும் பங்காளி மொழிகள், வேர்ச்சொற்கள் பல ஒன்றுபோலவே இருக்கும், விகுதிகள் வேறு. சந்தையில் மாடு வாங்குகிறவனும் விற்கிறவனும் அப்போது என்ன செய்வார்கள்? வேரைச் சொல்லி விகுதியை விழுங்கிவிடுவார்கள். இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்றுதான் நான் நினைக்கிறேன். 'அவர்கள்', 'அவர்களை', 'அவர்களுடைய' என்று பொருள்படும் 'தே', 'தெம்', 'தேர்' என்ற பிரதிப்பெயர்களே வைக்கிங் மொழியிலிருந்து வந்தவை. பிரதிப்பெயரை இரவல் வாங்க வேண்டுமானால் வெறும் வியாபாரப் பழக்கம் போதாது, ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் 1066 என்னதான் செய்தது? அதற்குக் கிழக்கு இங்கிலாந்தில் இருந்த பீட்டர்பரோ மடத்தைப் பார்க்க வேண்டும். 1116இல் அந்த மடம் தீப்பிடித்து எரிந்தது. சில ஆண்டுகள் கழித்துத் துறவிகள் வேறிடத்திலிருந்து ஆண்டுவாரியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆங்கிலோ சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பின் பிரதி ஒன்றை வாங்கி நகல் எடுத்தார்கள். நகல் எடுத்த பகுதி, பழைய தலைநகரான வின்செஸ்டர் பக்கத்துச் செம்மையான எழுத்துமொழியில் இருக்கிறது. பிறகு தங்கள் காலத்துச் செய்திகளைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். 1154 வரை போகும் கடைசிப் பகுதியில் பழைய விகுதிகளில் பெரும்பாலானவற்றைக் காணோம். முன்பு பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப வடிவம் மாறிய சுட்டுச்சொல், பெரும்பாலும் இன்றைய 'தி' போல ஒரே வடிவமாகிவிட்டது. மன்னர் ஸ்டீபன் காலத்துக் கொடுமைகளைச் சொல்லும்போது, கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் வெளிப்படையாகப் பேசியதாக அந்தத் துறவி எழுதுகிறார். இன்று ஆங்கிலம் தெரிந்தவர் அந்த வரியைக் கொஞ்சம் முயன்றால் படித்துவிடலாம்.

முப்பது நாற்பது ஆண்டுகளில் ஒரு மொழி இப்படி மாறாது. பேச்சு எப்போதோ மாறிவிட்டிருந்தது, பள்ளியில் கற்ற எழுத்துமொழி அதை மூடி வைத்திருந்தது. நார்மன்கள் வந்ததும் அரசு ஆவணங்கள் லத்தீனுக்குப் போயின. ஆங்கிலத்தைத் திருத்தமாக எழுதக் கற்றுத்தர ஆள் இல்லை. அதனால் துறவி தான் பேசியதையே எழுதினார். பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தது அதற்கும் பிறகு, 1250க்கும் 1400க்கும் இடையில். அதற்குள் உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆகவே உங்கள் பேச்சாளர் கால வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்.

மகளுக்கான பதிலும் இதே கதைதான், திசைதான் வேறு. ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில், அதாவது பதினான்காம் நூற்றாண்டில், குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்ற சொல்லை ஏறத்தாழ 'க்னிஹ்ட்' என்று சொன்னார்கள். தொடக்கத்தில் உள்ள 'கே'யும் நடுவில் உள்ள 'ஜிஎச்'சும் நிஜமாகவே ஒலித்தன. 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார், பிறகு மெல்ல மெல்ல எழுத்துக்கூட்டு உறைந்தது. அதே நூற்றாண்டுகளில் நெடில் உயிரொலிகள் எல்லாம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன, 'கே' ஒலியும் கடைசியில் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, அச்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது. மகளிடம் 'க்னிஹ்ட்' என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எழுத்துக்கூட்டு மறக்காது.