‘போய்’ எப்படி ‘பாயா’ ஆனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிய மொழியில் நிகழ்கால சப்ஜங்டிவுக்கு (விருப்பம், இன்னும் நடக்காதது போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்), ‘நான்’ வடிவத்தின் கடைசி ‘ஓ’வை எடுத்துவிட்டு ‘ஆ’ போட வேண்டும் என்று படித்தேன். தெங்கோ (வைத்திருக்கிறேன்), தெங்கா ஆகிறது. ஆனால் ‘இர்’ (போ) வினையில் ‘போய்’ (போகிறேன்) எப்படி ‘பாயா’ ஆயிற்று? ‘நீ போக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியேரோ கே பாஸ்’ என்று எழுதினால் ஏன் தவறு?

அன்புள்ள நண்பருக்கு,

விதி -எர், -இர் என்று முடியும் வினைகளுக்குச் சரி; -அர் வினைகளுக்கு ‘ஆ’வுக்குப் பதில் ‘ஏ’ வரும். ஆனால் ‘போய்’ ஓகாரத்தில் முடியவில்லையே! ‘நான்’ வடிவம் ‘ஓ’வில் முடியாத வினைகள் ஆறுதான், விதிக்கு அடங்காதவையும் அதே ஆறு: சோய் (நான் இன்னார்)–சேஆ, எஸ்தோய் (இருக்கிறேன்)–எஸ்தே, தோய் (கொடுக்கிறேன்)–தே, போய்–பாயா, ஏ (துணைவினை)–ஆயா, சே (எனக்குத் தெரியும்)–சேப்பா. (ஆயாவையும் பாயாவையும் தமிழர் மறக்க வாய்ப்பில்லை.) இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

முழு வரிசை: பாயா, பாயாஸ், பாயா, பாயாமோஸ், பாயாயிஸ், பாயான். எழுதுவது ‘வி’, ஒலிப்பது ‘பஸ்’ஸில் வரும் ப. புவெனஸ் ஐரிஸ்காரர் வாயில் இது ‘பாஷா’ என்று கேட்கும், அதே சொல்தான்.

இரண்டாவது கேள்விக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. ‘நான் போக விரும்புகிறேன்’ என்னும்போது விரும்புபவரும் போகிறவரும் ஒருவரே. அங்கே ‘கியேரோ இர்’ போதும். ‘நீ போக வேண்டும் என்று’ என்றதும் ஆள் மாறிவிடுகிறார். நாம் ‘வேண்டும் என்று’ சேர்க்கிறோம். ஸ்பானியர்கள் ‘கே’ (என்று) போட்டு, வினையையும் மாற்றுகிறார்கள்: கியேரோ கே பாயாஸ்.

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடம் வேறு. ‘மத்ரீத் போகும்போது அவரைப் பார்ப்பேன்.’ ஒவ்வொரு முறையுமா, அடுத்த முறையா? ‘பார்ப்பேன்’ இரண்டுக்கும் பொருந்தும், ‘போகும்போது’வும் அப்படியே. ஸ்பானியத்தில் இந்த மழுப்பல் நடக்காது. வழக்கமென்றால் ‘குவாந்தோ போய்’ (‘குவாந்தோ’ என்றால் ‘போது’). இனிதான் போகப்போகிறீர்கள் என்றால் ‘குவாந்தோ பாயா’. பேசுமுன் ‘இது நடந்துவருகிறதா, இன்னும் நடக்கவில்லையா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைப் பழகியவர்கள் உடனே ‘போனால்’ என்பதிலும் பாயாவைப் போட்டுவிடுவார்கள். கூடாது. ‘சி’க்குப் (‘-ஆல்’ என்னும் நிபந்தனைச் சொல்) பின், பேச்சு நாளையைப் பற்றியதானாலும், நிகழ்கால சப்ஜங்டிவ் வராது: ‘சி பாஸ்’ சரி, ‘சி பாயாஸ்’ தவறு.

இன்னொன்று: ‘வா, போகலாம்’ என்பதற்குப் பாயாமோஸ் என்று சொல்லிவிடாதீர்கள். அது ‘பாமோஸ்’தான். ‘போக வேண்டாம்’ என்னும்போதுதான் ‘நோ பாயாமோஸ்’.