குலிமுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, கிளஸ்டர் (பல கணினிகளைக் கோத்து ஒரே சூப்பர் கம்ப்யூட்டராக ஓட்டும் அமைப்பு) நிர்வாகத்தில் இருந்துவிட்டு மலேசியாவின் குலிமில் தகவல் பாதுகாப்பு வேலைக்கு வருகிறேன், சூப்பர் கம்ப்யூட்டர் அனுபவம் வீணாகிவிடுமா, ஊர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

வீணாகவே ஆகாது. நானும் அந்த வழியில் வந்தவன். 1991இல் இந்திய அரசின் கணினி ஆய்வு மையமான புனே சி-டாக், பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, டிரான்ஸ்பியூட்டர் எனும், ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய சில்லுகளைக் கோத்து ஒரே கணக்கைப் பிரித்துப் போடலாம் என்பதே எங்களுக்குப் பெரிய வியப்பு. யார் எங்கிருந்து நுழைந்தார், எந்த வேலை எத்தனை நோடுகளை (கிளஸ்டரில் உள்ள தனிக் கணினிகளை) பிடித்தது என்று தினமும் பார்த்துப் பழகிய கண்ணைத்தான் பாதுகாப்புத் துறை தேடுகிறது. 1986இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்ட கிளிஃபோர்ட் ஸ்டோல் அதை விடாமல் துரத்தியதில், சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்குத் தகவல் விற்ற கும்பலே வெளிப்பட்டது.

2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் சூப்பர் கம்ப்யூட்டர் உட்பட ஐரோப்பாவில் பல சூப்பர் கம்ப்யூட்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. திருடப்பட்ட பயனர் கணக்குகள் வழியாக உள்ளே வந்திருந்தார்கள். ஓர் ஆய்வாளருக்கு நாலு மையங்களில் கணக்கு இருக்கும். ஓரிடம் விழுந்தால் மற்ற இடங்களுக்கும் வழி கிடைத்துவிடும். கிளம்புவதற்கு முன் உங்கள் கிளஸ்டரின் ஹோம் டைரக்டரிகளை (ஒவ்வொரு பயனரின் சொந்தக் கோப்பகத்தை) ஒருமுறை பாருங்கள். கடவுச்சொல் போடாத எஸ்எஸ்எச் சாவிகள் (தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் கோப்புகள்), படிப்பு முடித்துப் போன மாணவரின் சாவி இன்னும் அனுமதிப் பட்டியலில், எல்லாம் அகப்படும். நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லும் ஆளை நான் உடனே எடுப்பேன்.

ஒன்று கவனியுங்கள்: 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, ஊடுருவல் சோதனையை (ஓட்டைகளைக் கண்டுபிடிக்க அனுமதியோடு தாக்கிப் பார்ப்பதை) சேவையாக வழங்க உரிமம் வேண்டும். தனியாக வேலை பிடிக்க அவசரப்படாதீர்கள்.

குலிம் பால்மரத் (ரப்பர்) தோட்டங்கள் சூழ்ந்த ஊராக இருந்தது. 1996இல் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பூங்கா வந்தது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்கள் இன்று சில்லு ஆலைகளில் ஷிப்ட் நடத்துகிறார்கள். இந்தியாவிலிருந்து புதிதாக வரும் சிலர் இவர்களைத் 'தோட்டத்து ஆட்கள்' என்று எட்ட நின்று பார்ப்பதுண்டு. எனக்கு அது அறவே பிடிக்காது. அண்ணே என்று கூப்பிட்டுத் தே தாரிக் (இங்கத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்க உட்காருங்கள். வாடகை வீடு, நல்ல மெக்கானிக், கோயில் திருவிழா எல்லாம் அந்த மேசையில் தெரிந்துவிடும்.

பினாங்குத் தீவில் குடியிருந்து தினமும் பாலம் கடந்து வரலாம் என்று நினைக்காதீர்கள், நெரிசலிலேயே ஓய்ந்துபோவீர்கள். மலாய் மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். அரசு அலுவலகக் கவுண்டரில் தமிழும் ஆங்கிலமும் எப்போதும் கைகொடுக்காது.