ஃபார்மேட் போடுவதற்கு முன்

அம்மா, உங்கள் மகன் பட்டம் முடித்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலேயே இருக்கிறான், பென்டிரைவ் நிறைய ஏதேதோ டூல்ஸ் சேர்த்து வைத்திருக்கிறான், இதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் அந்தப் பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த சாஃப்ட்வேர்கள் இருந்தால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அவற்றோடு வைரஸும் சேர்ந்து வரும், வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரும் கெடும். அதற்குப் பதில், விண்டோஸில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க உதவும் கருவிகளின் தொகுப்பான 'சிஸ்இன்டர்னல்ஸ் சூட்' போதும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் தொடங்கியது. 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்றும் இலவசம், எல்லாக் கருவிகளும் ஒரே ஜிப் ஃபைலில் கிடைக்கின்றன, இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம்.

தம்பிக்கு மூன்று கருவிகள் கைவந்தால் போதும். விண்டோஸோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் அத்தனையையும் ஆட்டோரன்ஸ் காட்டும். சந்தேகமானதை உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். 'இந்த ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது' என்று விண்டோஸ் அழிக்க விடாதபோது, அதைப் பிடித்து வைத்திருக்கும் புரோகிராமை ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் தேடிப் பிடிக்கலாம். ஒரு புரோகிராம் எந்த ஃபைலை, ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் அமைப்புக் குறிப்பேட்டில் எந்தப் பதிவைத் தொடுகிறது என்பதை ப்ராசஸ் மானிட்டர் வரிவரியாக எழுதும். ஒரே நிமிடத்தில் லட்சக்கணக்கான வரிகள் குவிந்துவிடும் என்பதால், வேண்டியதை மட்டும் காட்டும்படி ஃபில்டர் போடத் தெரிய வேண்டும். உண்மையான படிப்பு இங்கேதான் இருக்கிறது.

2005-ல் ருசினோவிச் தன் கம்ப்யூட்டரிலேயே மறைந்திருந்த ஃபைல்களைக் கண்டார். தான் எழுதிய கருவிகளை வைத்தே தடம் பிடித்துப் போனபோது, அது தான் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி பாட்டு சிடியில் போய் நின்றது; அந்த சிடிதான் ஒரு புரோகிராமை ரகசியமாக உள்ளே ஏற்றியிருந்தது. அந்த நிறுவனம் அத்தகைய சிடிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஃபார்மேட் போட்டு, அதாவது டிஸ்க்கை முழுதும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தால் அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

'சிஸ்டம் ஸ்லோ' என்றதும் ஃபார்மேட் போடுவது கடைக்குப் பழகிய வழி. ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின் வேலைக்கான இன்டர்வியூவில் அந்தப் பதில் நிற்காது. "முதலில் எதைப் பார்த்தாய், ஏன்?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே வீட்டில், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் புரோகிராமைப் போட்டு, அதற்குள் ஒரு விண்டோஸை அவனே கெடுத்து அவனே சரிசெய்து பழகட்டும். ஒவ்வொரு முறையும் என்ன கோளாறு, எப்படிப் பிடித்தான் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இன்டர்வியூவுக்கு அந்த நோட்டை எடுத்துப் போகலாம், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது.

அப்புறம், பிஎஸ்எக்ஸெக் என்ற கருவி வேறொரு கம்ப்யூட்டரில் தொலைவிலிருந்தே கட்டளை ஓட்டும். ஹேக்கர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், அதனால் அனுமதி இல்லாத இடத்தில் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எம்சிஎஸ்இ என்ற மைக்ரோசாஃப்ட் சான்றிதழுக்கான கோர்ஸ் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. ஆறு மாதம் நோட்டு எழுதட்டும், பிறகு இருவரும் வாருங்கள். எந்தச் சான்றிதழுக்குப் படிக்கலாம் என்று அதைப் பார்த்தே முடிவு செய்வோம்.