குளிசையை எடுத்துக் கொடுப்பது மட்டும்தானா மருந்தாளரின் வேலை?

முடக்குவாதத்துக்கு டொக்டர் எழுதித் தருவதை எடுத்துக் கொடுப்பதற்கு மேல் மருந்தாளரால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அந்த வருத்தத்துக்கு மெதொட்ரெக்சேற் என்ற குளிசை தொடங்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தக் குளிசையைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தினமும் விழுங்கிப் பழகியவர்களுக்கு இது லேசில் பிடிபடாது. தவறுதலாகத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அம்மாவுக்கு 2.5 மில்லிகிராம் குளிசையில் நான்கு, வெள்ளிக்கிழமைகளில். அன்று வீட்டில் மரக்கறிச் சமையல் என்பதால் நாள் மறக்காது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது யாழ்ப்பாணம் டவுனில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது, ஆனால் 10 மில்லிகிராம். அங்கே நின்ற மருந்தாளர் பிள்ளை மருந்தைக் கையில் தரவில்லை.

"அம்மா, இதை என்னண்டு போடுறனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை நாலு, பிள்ளை."

"இது ஒண்டுதான் போட வேணும். பழைய நாலும் இது ஒண்டும் சரி."

நான்கைப் போட்டிருந்தால் 40 மில்லிகிராம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் கிளினிக் கொப்பியில் 'வெள்ளி – 1' என்று சிவப்புப் பேனாவால் எழுதினார். அதோடு தருகிற போலிக் அசிட் விற்றமின் குளிசையை அம்மா வேறு நாளில் போடுகிறாரா, கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தது என்றும் கேட்டார். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டச் சொன்னார். யாராவது கோட்ரைமொக்சசோல் என்ற கிருமிகொல்லி மருந்தை எழுதினால் மெதொட்ரெக்சேற் போடுவதை உடனே சொல்ல வேண்டுமாம், இரண்டும் சேரக் கூடாது.

மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை இல்லை, அது டொக்டருடையது. ஆனால் கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைக்காத ஐந்து நிமிடம் இவரிடம் இருக்கிறது. அடுத்த முறை வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கசாயம் உட்பட, ஒரு சொப்பின் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்கள் கொண்டுபோனபோது நோவுக்கென்று அம்மா தானாக வாங்கிய இரண்டு பெட்டிகள் வெளியே வந்தன. பெயர் வேறு வேறு, உள்ளே இரண்டும் டைக்ளோபெனாக். அது சிறுநீரகத்தைப் பாதித்தால் மெதொட்ரெக்சேற் உடம்பைவிட்டு வெளியேறாமல் தேங்கும் என்று அவர் விளங்கப்படுத்தியபோது, "நோவுக்கு எண்ணெய் பூசுற மாதிரி நினைச்சிட்டன்" என்றா அம்மா.